யார் வாய்க் கேள்வி?

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் 'ஆபீசுக்குப் போறேன்' என்று சொன்னால், அவள் மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் உள்ள இடத்துக்குப் போகிறாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு செய்யும் இடம் பட்டாசு ஆபீஸ். என் அம்மா பதினெட்டு வருஷம் ஆபீசுக்குப் போனவர். விடிந்தும் விடியாமல் தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் திரும்பும்போது கையிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி ஒட்டிக்கொண்டு வெள்ளிபோல மின்னும். அம்மா அதைக் கழுவும்வரை கிட்டே போகக் கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் அவரும் வரமாட்டார்.

அம்மா சொன்ன ஆபீஸ் கதைகளில் ஒன்று மட்டும் எனக்குள் தீராமல் கிடக்கிறது. அதிகாரி சோதனைக்கு வருகிற நாளின் கதை. சேதி எப்படியோ முதல் நாளே வந்துவிடும். "அதிகாரி வாராகளாம்" என்று போர்மேன் ஒவ்வொரு ரூமாக ஓடுவார். "ரூமுக்கு நாலு பேர் இருங்க, மத்தவுக எந்திரிச்சுப் போங்க." ஒன்பது பத்துப் பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற அறையில் பதிவேட்டில் பெயர் உள்ள நாலு பேர் மட்டும் மிஞ்சுவார்கள். மற்ற பெண்கள் பின்பக்கமாகப் போய், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரியின் ஜீப் போகும்வரை பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. பீஸ் கணக்கில் கூலி என்பதால் அந்த மூன்று மணி நேரத்துக்குக் காசும் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாத அம்மா ஒவ்வொரு முறையும் மரத்தடிக்குத்தான் போயிருக்கிறார்.

அதிகாரி வந்தார், எண்ணினார், எழுதினார், போனார். அவர் பொய் எதுவும் எழுதவில்லை. அறையில் நாலு பேர் இருந்தார்கள், நாலு என்று எழுதினார். மரத்தடியில் இருந்தவர்களைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை, ஏனென்றால் அவர்கள் அவர் கண்ணில் படவில்லை. அவர் செய்தது தவறா?

இந்தக் கேள்வியைப் பல வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரிய அரசின் படிவரிசையில் எங்கோ ஒரு படியில் நிற்கிற ஒருவர், தன் படிக்கு உரிய வேலையைச் சரியாகச் செய்துவிட்டால், அவருடைய பொறுப்பு அங்கே முடிந்துவிடுகிறதா? அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "நீங்க யாராவது ஒருத்தர் எந்திரிச்சுப் போய் அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா?" அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "அவுக எங்கள எங்க கேட்டாக? போர்மேனத்தான கேட்டாக."

*

முதுகலை மாணவிகளுக்குக் கல்வெட்டியல் தாளை நடத்துகிறேன். அதில் நான் மிகவும் விரும்பி நடத்துகிற பகுதி ஆனைமங்கலச் செப்பேடுகள். இன்று நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரப் பெயரால் அறியப்படுகிற அந்தச் செப்பேட்டுத் தொகுதியில் 21 ஏடுகள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் கொடுத்ததைச் சொல்பவை அவை. கொடுத்தான் என்று ஒரு வரியில் நான் சொல்லிவிட்டேன். செப்பேடு அப்படிச் சொல்வதில்லை. அரசன் வாயால் சொன்ன ஒரு சொல் எத்தனை கைகளின் வழியாக நடந்து ஆனைமங்கலத்தின் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது படிப்படியாகச் சொல்கிறது.

சோழ அரசில் ஒரு ஆணை போகும் வழி ஏறக்குறைய இதுதான். அரசன் சொல்வதைக் காதால் கேட்டுக்கொள்ள ஒரு பதவி உண்டு. அதற்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். கேட்டதை ஓலையில் எழுதுபவர் திருமந்திர ஓலை. எழுதியது சரிதான் என்று ஒப்புக்கொள்பவர் திருமந்திர ஓலைநாயகம். பிறகு அது வரித்துறைக்கு, அதாவது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி என்று பல பொறுப்புகள். கணக்கில் ஏற்றுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், உடனிருந்து கண்காணிப்பவர் ஒருவர். கடைசியில் ஊரார் கூடி நின்று, ஒரு பெண் யானையை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள்.

இந்த மனிதர்கள் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. பெருந்தரம், சிறுதரம் என்று அதிகாரிகளுக்குத் தரம் உண்டு. சிறுதனத்துப் பெருந்தரம் என்று இடைப்பட்ட ஒரு படியும் உண்டு. நம் அலுவலகங்களின் கிரேடு, செலக்‌ஷன் கிரேடு, ஸ்பெஷல் கிரேடு எல்லாவற்றுக்கும் கொள்ளுப்பாட்டன் அங்கே இருக்கிறான் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். மூவேந்தவேளான் என்ற பட்டம் பெரும்பாலும் நிலமுள்ள வேளாளருக்கு, பிரமராயன் என்ற பட்டம் பிராமணருக்கு. பட்டத்துக்கு முன்னால் அரசனின் பெயர் சேரும். ஊதியமாகக் கிடைப்பது பெரும்பாலும் நிலத்தின் வருவாய்.

இந்தப் படிவரிசை உண்மையில் எவ்வளவு வலுவானது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை நன்கு அமைந்த அதிகார இயந்திரமாகக் கண்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளிவந்த தன் நூலில் அதை மறுத்து, அதிகாரம் உண்மையில் நாடுகளிடமும் ஊர்களிடமும் சிதறிக் கிடந்தது என்றார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திரட்டி, ராஜராஜன் ராஜேந்திரன் காலத்தில் அதிகாரிகள் பெருகியதைக் காட்டினார்கள். எங்கள் பாண்டி நாடும் அந்தக் காலத்தில் ராஜராஜப் பாண்டி நாடாகி, மதுரையில் சோழபாண்டியர் என்ற பெயரில் சோழ இளவரசர்கள் உட்கார்ந்து ஆண்டார்கள். தஞ்சையில் தொடங்கிய ஏணியின் ஒரு கால் எங்கள் மண்ணிலும் ஊன்றியிருந்தது.

முதலில் எனக்கு அந்தச் செப்பேடுகள்மேல் பொறாமைதான் வந்தது. அதில் ஒவ்வொரு கைக்கும் பெயர் இருக்கிறது. கேட்டவர் இன்னார், எழுதியவர் இன்னார், ஒப்புக்கொண்டவர் இன்னார். ஆயிரம் வருஷம் கழித்தும் நீங்கள் போய், 'இந்த ஆணையில் உன் கை இருந்ததா?' என்று கேட்கலாம். எங்கள் ஊர் விபத்துச் செய்திகளைப் பாருங்கள். 'உராய்வு காரணமாக வெடி விபத்து ஏற்பட்டது.' நான் இலக்கணம் நடத்துகிறவள். அந்த வாக்கியத்தில் எழுவாயைத் தேடினால் விபத்துதான் கிடைக்கும், மனிதர் யாரும் கிடைக்க மாட்டார். மருந்து தானாக உராய்ந்தது, தானாக வெடித்தது. அறையில் யார் எத்தனை பேரை உட்காரவைத்தது, உச்சி வெயிலில் யார் கலக்கச் சொன்னது, உள்குத்தகைக்கு யார் விட்டது, யார் அதைப் பார்த்தும் பாராமல் போனது என்பதெல்லாம் 'ஏற்பட்டது' என்ற ஒரு வினைமுற்றுக்குள் அடங்கிப்போகிறது.

*

பிறகு செப்பேடுகளை வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். அரசன் வாயிலிருந்து வருவதைக் கேட்க ஒரு பதவி இருக்கிறதே, ஊரார் வாயிலிருந்து வருவதைக் கேட்க என்ன பதவி இருந்தது?

ஊர்ச்சபைகள் இருந்தன, வழக்கு விசாரணைகள் இருந்தன. ஆனால் அங்கே பேசும் உரிமை நிலத்தோடும் சாதியோடும் ஆண்மையோடும் கட்டப்பட்டிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது வரி கட்ட வேண்டாத இடங்களை முதலில் கழிக்கின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்து ஓடும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. வரித்துறையின் கணக்கில் சேரி மக்கள் வருகிற இடம் இது, கழித்தல் குறிக்குப் பக்கத்தில், சுடுகாட்டுக்கு முன்னால். அந்த நிலத்தை உழுதவர்களும் நட்டவர்களும் களை பறித்தவர்களும் அவர்கள்தான். அதிகாரி அளந்தார், எழுதினார். அவரும் பொய் எழுதவில்லை.

பெண்கள்? அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்த வீடு, எவ்வளவு பங்கு என்று ஒவ்வொருத்திக்கும் விவரம் உண்டு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். இத்தனை பெண்களின் பெயரை ஓர் அரசு எழுதிவைத்தது அபூர்வம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பல ஊர்களிலிருந்தும் 'கொண்டுவந்து' குடியேற்றப்பட்டவர்கள் என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. வரச் சம்மதமா என்று எவரும் கேட்டதாகவோ அவர்கள் என்ன சொன்னார்கள் என்றோ ஓர் எழுத்தும் இல்லை. பெயரைப் பதிந்துகொள்வதும் பேச்சைக் கேட்பதும் வேறு வேறு.

சோழர் கல்வெட்டுகளில் மிக அரிதாக அதிகாரிச்சி என்ற சொல் வருகிறது. முதன்முதலாக அந்தச் சொல்லைப் பார்த்த அன்று தோழிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஏணியில் நம் ஆள் ஒருத்தி இருந்திருக்கிறாள்! ஆனால் ஆனைமங்கல ஆணை நடந்த வழியில் எனக்குத் தென்படுகிற பெண்பால் ஒன்றே ஒன்றுதான். எல்லையைச் சுற்றி நடந்த அந்தப் பிடி. பாகன் போகச் சொன்ன வழியில் அது நடந்தது, அது நடந்த வழி எல்லையானது.

இதைச் சொன்னால் மாணவிகள் கேட்பார்கள்: "அப்போ நிறைய அதிகாரிச்சிகள் இருந்திருந்தா எல்லாம் சரியாயிருக்குமாம்மா?" இன்றைக்குப் பெண் கலெக்டர்களும் பெண் தாசில்தார்களும் நிறைய இருக்கிறார்கள். அந்த நாற்காலிகளுக்காக நம் மூத்தவர்கள் போராடியது வீணில்லை. ஆனாலும் அந்த மாணவிக்கு நான் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. காரணம், நானும் ஒரு அதிகாரிச்சி.

*

சில வருஷங்களுக்கு முன்பு நான் துறைத்தலைவர் பொறுப்பில் இருந்தபோது நடந்தது. தேர்வுக்கு முன்னால் வருகைப் பதிவுக் குறைவுப் பட்டியல் வரும். குறைவு கொஞ்சமாக இருந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போய்விட்டால் அந்தப் பருவம் எழுத முடியாது. பட்டியலில் ஐந்து பெயர்கள். வகுப்பாசிரியரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. எனக்கு மேலே இன்னும் மூன்று பேர் போட வேண்டும். நான் நடுப்படி. சதவீதத்தைச் சரிபார்த்தேன், கூட்டல் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அதில் ஒருத்தி இரண்டாமாண்டு மாணவி. யாப்பில் நல்ல காது. வெண்பாவில் தளை தட்டினால் அவளுக்கு முகம் சுளிக்கும். வகுப்புக்கு வராமல் போனபோது கல்யாணம் ஏதாவது பேசியிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் கல்லூரிக்கே வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய மாதம், சாத்தூரில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பட்டாசு ஆபீஸ் வேன் ஒன்றிலிருந்து இறங்கி அவளாகவே வந்து கும்பிட்டாள். புருவத்தில் வெள்ளிப்பொடி. அம்மா ஆபீசில் வாங்கியிருந்த அட்வான்ஸ் தீர்வதற்குள் அம்மாவுக்குக் கை வெந்துபோனதாம். கடனுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அதனால் இவள் போயிருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மூன்று நாள் கல்லூரி என்று சமாளித்துப் பார்த்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். கேட்ட மாத்திரத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கோபமே இல்லாமல் கேட்டாள். "சொல்லியிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

பேருந்து வந்தது. அவள்தான் என் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

சீமைக்கருவேல மரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தபோது ஜீப்பில் வந்துபோன அந்த அதிகாரியை நான் முப்பது வருஷமாக மனசுக்குள் கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன். அன்றைக்குப் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்குக் கிடைத்தது. அவர் நாலு என்று எழுதினார், நான் சதவீதத்தை எழுதினேன். இரண்டு கணக்கும் சரி.

*

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தேடித்தான் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மறுபடி எடுத்தேன். பத்தினித் தெய்வத்தின் கதையாக அதை எனக்கு நடத்தினார்கள். ஒரு அரசாங்கம் எப்படி ஒரு நிரபராதியைக் கொன்றது என்ற நிர்வாகக் கோப்பாக இந்த முறை வாசித்தேன்.

அரசன் அந்தப்புரத்துக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறான். பொற்கொல்லன் சொல்வதை ஆராயாமல் ஊர்க்காப்பாளரைக் கூப்பிட்டு ஒரு வாய்மொழி ஆணை கொடுக்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று. காவலர்கள் போய்க் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் அவர்களில் சிலருக்குச் சந்தேகம் வருகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். படிவரிசையின் அடியில் நிற்கிற, ஆயுதம் பிடித்த அந்தக் கூலிக்காரர்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்பிப் போக அவர்களுக்கு வழி இல்லை. போனால் தலை இருக்குமா என்பது வேறு. பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசிச் சந்தேகத்தை மூடுகிறான். கடைசியில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஆணை மேலிருந்து கீழே ஒரு நொடியில் இறங்கியது. சந்தேகம் கீழிருந்து மேலே ஒரு படிகூட ஏறவில்லை. கோவலன் செத்தது அந்த இடத்தில்தான். அரசன் கொடியவன் என்று காப்பியம் சொல்லவில்லை, காவலரும் கொடியவர்கள் அல்லர். கொடுமை ஏணியின் அமைப்பில் இருந்தது. இறங்க மட்டும் படிகள் வைத்த ஏணி அது.

பின்னால் வரும் வழக்குரை காதையில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு கடைநிலை ஊழியர் வருகிறார். அரண்மனை வாயிலோன். ஒற்றைச் சிலம்போடு, தலைவிரி கோலமாக, கோபத்தோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். விரட்டியிருக்கலாம். நாளை வா என்று சொல்லியிருக்கலாம். மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றும் சொல்லியிருக்கலாம். அவர் பயந்துபோகிறார், காளியோ கொற்றவையோ என்று திகைக்கிறார். ஆனாலும் உள்ளே போய், கணவனை இழந்த ஒருத்தி கையில் சிலம்போடு வாசலில் நிற்கிறாள் என்பதைக் குறைக்காமல் அரசனிடம் சொல்கிறார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. கோவலனை உயிர்ப்பிக்கவும் முடியாது. கீழிருந்து வந்த ஒரு கேள்வியை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவே. அந்தச் சின்னக் காரியத்தால்தான் அரசன் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

'சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?' என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த வாயிலோன்தான். விதியை மாற்ற என்னால் முடியாது. ஆனால் ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் ஐந்து காரணங்களை எழுதி, அடுத்த மேசைக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே இருப்பவர் தெரியாது என்று சொல்லும் வசதியை அது பறித்திருக்கும். தெரிந்தே போடும் கையெழுத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு.

தமிழில் கேள்வி என்ற சொல்லுக்குக் காதால் கேட்பது என்றும் பொருள், வினா என்றும் பொருள். திருவாய்க்கேள்வி என்ற பதவிப் பெயரில் முதல் பொருள் மட்டும்தான் இருந்தது. மேலே சொல்வதைக் கேட்டுக்கொள்வார், மேலே நோக்கி ஒன்றையும் கேட்க மாட்டார். ஒரு பதவியின் அறத்தை அளக்க எனக்கு இப்போது தெரிந்த ஒரே அளவுகோல், அந்தப் பதவியில் இந்த இரண்டாவது பொருளுக்கும் இடம் இருக்கிறதா என்பதுதான்.

*

அதிகார வர்க்கத்தின் ஆட்சியை ஹன்னா ஆரண்ட் யாருமற்றவரின் ஆட்சி என்று வர்ணித்தார். பொறுப்பேற்கச் சொல்லிப் பிடிக்க ஒரு ஆள்கூட அகப்படாத ஆட்சி. அவர் சொன்னது ஏணியின் மேல்பாதிக்குப் பொருந்துகிறது. கீழ்ப்பாதியில் எப்போதும் ஒரு ஆள் அகப்படுவார். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை அதையும் சொல்லிவைத்திருக்கிறது. நெடுஞ்செழியன் இறந்த பிறகு நாட்டில் மழை இல்லை, வறுமையும் நோயும். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். ஒரு அரசன் ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு அடுத்த அரசன் ஆயிரம் கைவினைஞர்களைத் தண்டித்தான். அந்த ஆயிரம் பேரின் வீட்டிலும் கண்ணகிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்காக எந்த நகரமும் எரியவில்லை.

இன்றைய எங்கள் வட்டாரத்து ஏணியும் ஒரு பேரரசு விட்டுச்சென்றதுதான். வெடிபொருள் சட்டம் 1884இல் ஆங்கிலேயர் போட்டது. இப்போதும் எங்கள் ஊரில் ஆபீஸ்களுக்குத் தரம் உண்டு. மாவட்ட வருவாய் அலுவலர் கொடுக்கும் உரிமம், சென்னையில் கொடுக்கும் உரிமம், நாக்பூர் தலைமையகம் கொடுக்கும் உரிமம். 'அது நாக்பூர் லைசென்ஸ் ஆபீஸ்' என்று சொல்லும் தொனியிலேயே பெருந்தரமும் சிறுதரமும் தெரியும். இது போக வருவாய்த்துறை, தொழிற்சாலைகள் ஆய்வுத்துறை, காவல்துறை, தீயணைப்புத்துறை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரிகளே சொன்னார்கள். அதாவது ஏணியில் யாரோ ஒருவர் தன் வேலையைச் செய்திருந்தார். ஆணை எழுதப்பட்டிருந்தது. அந்தக் காகிதத்துக்கும் மருந்து அறைக்கும் நடுவே நாள்கள் ஓடிக்கொண்டிருந்தன, வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்கள். ஒவ்வொரு முறையும் செய்தியின் கடைசிப் பத்தி ஒன்றுபோலவே இருக்கும். போர்மேன் கைது, உரிமையாளரைப் போலீசார் தேடி வருகின்றனர். போர்மேனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அம்மாவை மரத்தடிக்கு அனுப்பியவர் அவர்தான். ஆனால் அவருக்கு மேலே இருந்த ஏழெட்டுப் படிகளும் அந்தக் கடைசிப் பத்திக்குள் வருவதே இல்லை.

கீழே இருந்தவர்கள் தாங்களே கல்லில் எழுதிய சந்தர்ப்பமும் வரலாற்றில் உண்டு. 1429இல், விஜயநகர ஆட்சியின்போது, வரிக்கொடுமை தாங்காமல் காவிரிப் பகுதியின் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, இனி இவ்வளவுதான் கொடுப்போம், கொடுமை செய்யும் அதிகாரிகளுக்கு யாரும் துணைபோகக் கூடாது என்று தீர்மானித்து அதைக் கோயில்களில் பொறித்தார்கள். கொருக்கை, ஆடுதுறைக் கல்வெட்டுகள் அவற்றில் சில. மாணவிகளுக்கு அதையும் தவறாமல் காட்டுகிறேன். அங்கேயும் பேசியவர்கள் ஆண்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

*

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. வருகைக் குறைவுப் பட்டியலில் 'காரணம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். அச்சடித்த படிவத்தில் அது கிடையாது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மாணவியையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டு, அவள் சம்மதித்தால் மட்டும், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். 'அம்மாவுக்குக் கைக்காயம், அட்வான்ஸ் கழிக்க வேலைக்குப் போகிறாள்.' 'தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.' 'மாதவிடாய் நாள்களில் பேருந்தில் நின்றுகொண்டு வர முடியவில்லை.' முதல் முறை அனுப்பியபோது, இந்தப் பத்தி எந்த விதியில் இருக்கிறது என்று மேலேயிருந்து குறிப்பு வந்தது. எந்த விதியிலும் இல்லை என்று எழுதி அனுப்பினேன். பட்டியல் எனக்குத் திரும்பி வரவும் இல்லை, காரணங்களுக்குப் பதில் வரவும் இல்லை. போன பருவத்தில் ஒரு மாணவிக்கு மட்டும் தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. மற்ற மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை.

சாத்தூரில் பார்த்த பெண்ணுக்குத் தொலைதூரக் கல்வி விண்ணப்பம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். இன்னும் நிரப்பித் தரவில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சமீபத்தில் அம்மாவிடம் திருவாய்க்கேள்வி பற்றிச் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராசா பேசுறதக் கேக்குறதுக்குன்னே ஒரு ஆளா? சம்பளம் உண்டுமா?"

"சம்பளமா? நிலமே குடுப்பாக."

"அதுசரி. நாங்க பேசுறதக் கேக்குறதுக்கும் அதுமாதிரி ஒரு ஆளப் போட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார். "ஆனா தாயி, அந்த ஆளு வாராருன்னும் முந்தின நாளே போர்மேனுக்குத் தெரிஞ்சிருக்கும்."